கரம் தீர்த்த ரசீது இல்லாத வீட்டுப் பிள்ளை

ராஜாக்கமங்கலம் சந்திப்பில் காலை ஆறரை மணிக்கு நாகர்கோவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தான். அண்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள், ஜவுளிக்கடையில் நிற்கும் பிள்ளைகள், கையாள் வேலைக்குப் போகும் இளைஞர்கள். அந்தக் கூட்டத்தில் சில மாதங்களுக்கு முன் வாரம் ஒருநாள் ஒரு அம்மாவையும் பார்க்க முடிந்தது. தும்பு ஆலையில் வேலை பார்ப்பவர். அவர் கையிலிருந்த துணிப்பையில் ஒரு கைலி, ஒரு துண்டு, சோப்பு, இரண்டு பாக்கெட் பிஸ்கட். எங்கே என்று கேட்டால், "மனு பாக்கப் போறேன் மக்களே" என்பார். சிறையில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம். அன்றைக்கு ஆலையில் அவருக்குக் கூலி கிடையாது.

மகனுக்கு 21 வயது. கோயில் கொடையில் நடந்த ஒரு தகராறில் பெயர் சேர்க்கப்பட்டு உள்ளே போனவன். எந்தச் சிறை, எந்த நீதிமன்றம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு அவனுக்குத்தான் சங்கடம்.

அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பையனுக்கு ஜாமீன் கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது! "கோர்ட்டுல விட்டாச்சு. ஆனா ரெண்டு ஆளு வேணுமாம். பத்திரம் கொண்டா, கரம் தீத்த ரசீது கொண்டாண்ணு சொல்லுதாவ. நமக்கு ரேசன் கார்டு மட்டும்தானே இருக்கு?"

ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் மதிப்புக்கு இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். அவர்கள் பெயரில் சொத்து இருக்க வேண்டும், அதற்குத் தீர்வை கட்டிய ரசீது இருக்க வேண்டும். இவர் குடியிருப்பதோ பட்டா இல்லாத இடம். சொந்தக்காரர்கள் வீடும் அதே வரிசையில்தான். ஊரில் நிலம் வைத்திருப்பவர்களிடம் போய் நிற்கலாம். ஆனால் தகராறு நடந்ததே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடுதான். யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சிறை நெரிசல் என்று பத்திரிகைகளில் படிக்கும்போது நம் கண்முன் வருவது பழைய கட்டடமும் குறுகிய அறையும்தான். அரசும் அப்படித்தான் பார்க்கிறது. இடம் போதவில்லை, ஆகவே புதுச் சிறை கட்டுவோம் என்கிறது. பிறகு அந்தப் புதுச் சிறையும் வருவதில்லை, அல்லது வரவேண்டிய காலத்தைத் தாண்டி வருகிறது. இதற்கிடையில், உள்ளே இருக்கவே வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட ஒரு பையன், உள்ளே ஓர் ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

முதலில் கட்டடக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறை 1837-ல் வந்தது. கூவம் கரை. கட்டியபோது நினைத்த எண்ணிக்கையைவிட மிக அதிகமான கைதிகளைப் பல பத்தாண்டுகள் அதில் அடைத்தார்கள். 1999 நவம்பர் 17 அன்று உள்ளே கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் இறந்தார்கள். அதற்கும் ஏழு ஆண்டு கழித்து, 2006-ல்தான் கைதிகள் புழலுக்குப் போனார்கள். 2009-ல் பழைய சிறை இடிக்கப்பட்டது. அதற்கு முன் பொதுமக்களை உள்ளே விட்டபோது, சனம் வரிசையில் நின்று பார்த்தது. அந்த அறைகளுக்குள் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்திருக்கும்.

கோவை மத்திய சிறை 1872-ஐச் சேர்ந்தது. வ.உ.சி. செக்கிழுத்த சிறை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். காந்திபுரத்தில் நகரின் நடுவில் 165 ஏக்கர். 2010-ல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா அமையும், சிறை வெளியே போகும் என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறியது, கோப்பு தூங்கியது, மறுபடி ஆட்சி மாறியது. 2023 டிசம்பரில் பூங்காவுக்கு அடிக்கல், 2025 நவம்பரில் 45 ஏக்கரில் முதல் கட்டம் திறப்பு. புதுச் சிறைக்குக் காரமடைப் பக்கம் பிளிச்சி கிராமம் தேர்வானது. பூங்கா திறந்த அன்றைக்கும் கைதிகள் பழைய இடத்திலேயே இருந்தார்கள். பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சிறையை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே கைதிக்காக வந்ததல்ல, நிலத்துக்காக வந்தது என்பதைக் கவனியுங்கள்.

மதுரை மத்திய சிறையும் 1865-ல் வந்த பழைய சிறைதான். அதை மேலூர்ப் பக்கம் இடையப்பட்டிக்கு மாற்றத் திட்டமிட்டபோது, அங்குள்ள மக்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே நிலைதான். வெலிக்கடை என்றால் நமக்கு 1983 ஜூலையில் அங்கே கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். 1841-ல் கட்டிய அந்தச் சிறையை ஹொரணைக்கு மாற்றுவதாக இலங்கை அரசுகளும் ஆண்டுக்கணக்கில் பேசி வருகின்றன.

இனி கணக்குக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். இருந்தவர்கள் 5,73,220 பேர். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். இதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்கள். அந்த மூன்று பங்கையும் சிறைகளின் கொள்ளளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசாரணைக் கைதிகள் மட்டுமே ஏறக்குறைய நாட்டின் அத்தனை சிறைகளையும் நிரப்பிவிடுகிறார்கள்!

தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கை எடுத்தால் இடம் மிச்சம் இருப்பதாகத்தான் தெரியும். அதிகாரிகள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் கைதி மாநிலச் சராசரியில் படுத்து உறங்குவதில்லை, ஒரு குறிப்பிட்ட பிளாக்கில் உறங்குகிறான். சிறு ஊர்களில் இருந்த கிளைச் சிறைகள் பல அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டன. அங்கே இருந்திருக்க வேண்டியவர்கள் தூரத்தில் உள்ள பெரிய சிறைகளுக்குப் போகிறார்கள். நம் மாவட்டத்தில் மத்திய சிறை கிடையாது. நீண்ட தண்டனை பெற்றவர்களையும் குண்டர் சட்டத்தில் பிடிபட்டவர்களையும் பாளையங்கோட்டைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். ராஜாக்கமங்கலத்திலிருந்து அண்ணா பஸ் நிலையம் வரை பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, அது பெரிய உதவிதான். அதற்குப் பிறகு வடசேரிக்குப் போய், திருநெல்வேலி பஸ் பிடித்து, அங்கிருந்து மறுபடி பாளையங்கோட்டை. போக வர ஒரு முழு நாள்.

பாளையங்கோட்டை என்றதும் சொல்லாமல் விட முடியாத செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதி பார்த்துத் தனித்தனிப் பகுதிகளில் கைதிகளை வைத்திருக்கிறார்கள் என்ற வழக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் அதிகம், மோதலைத் தவிர்க்கவே பிரித்து வைக்கிறோம் என்றது அரசு. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதிச் சுவரைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் கறுப்பின மக்களை ஒதுக்கி வைக்கச் சொல்லப்பட்ட 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற பழைய நியாயத்தோடு அதை ஒப்பிட்டது. சாதியைப் பார்த்துச் சமையல், துப்புரவு என்று வேலை பிரிப்பதும் செல்லாது, பதிவேட்டில் சாதிக் கட்டமும் கூடாது என்றது. தீர்ப்பு சொன்னவர்கள் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா.

பிரித்து வைத்தால் பாதுகாப்பு என்பதும் உண்மையல்ல. 2021 ஏப்ரல் 22 அன்று, ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்ட தலித் இளைஞர் ஒருவர், போய்ச் சேர்ந்த அன்றே சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். விசாரணைக் கைதி, வயது 27. அவருடைய குடும்பத்தார் நீதி கேட்டு இரண்டு மாதங்களுக்கு மேல் உடலை வாங்காமல் போராடினார்கள். நெரிசலான இடத்தைச் சாதியாலும் கூறு போட்டால், ஒரு பக்கம் இடமிருந்தும் இன்னொரு பக்கத்தில் மூச்சுமுட்டத்தான் செய்யும்.

இதில் நம் மக்களின் பங்கு எவ்வளவு? 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைக் கைதிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஜாமீனே இல்லாமல் ஓராண்டு வரை வைத்திருக்கும் தடுப்புக் காவலில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 4 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஓட்டுக் கணக்கில் எடுபடாத எண்ணிக்கை. ஆகவேதான் இங்கே எந்தக் கட்சிக் கூட்டத்திலும் ஜாமீன் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

பத்திரம் ஏன் இல்லை என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கியது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் அதை மீட்கப் போராடுகிறார்களே, அந்த நிலம். நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகவே வடக்கே உள்ள நம் சொந்தங்கள் பறிகொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், நமக்கோ பறிகொடுக்கவும் ஒன்று இருந்ததில்லை. தென்னந்தோப்பின் ஓரம், குளத்தங்கரை, கால்வாய்க் கரை என்று புறம்போக்கில் குடிசை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு நீதிமன்றத்தில் கரம் தீர்த்த ரசீது இல்லாமல் நிற்கிறார்கள்.

திருவிதாங்கூர் சிறை இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. பக்கத்துச் சாமித்தோப்பிலிருந்து ஐயா வைகுண்டரைப் பிடித்துப் போய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தது மன்னராட்சி. கீழே வைக்கப்பட்டவர்கள் தலை நிமிர்ந்ததுதான் அவர் செய்த குற்றம். அவர் விடுதலையாகி வந்த நாளை இன்றும் மாசியில் ஊர்வலமாகக் கொண்டாடுகிறோம். சிறையை நினைவில் வைத்திருக்கும் ஊர் இது.

இப்போது அந்த அம்மாவின் மகனிடம் திரும்பலாம். அவனைப் போன்ற ஒருவன் உள்ளேயே கிடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? இல்லை. 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவருடைய சகோதரர் பிணை நிற்க வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கு மோதிராமின் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னார். ஏழையிடம் இல்லாத சொத்தைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பதுதான் அதன் பொருள். அந்த வழக்கு நடந்து நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாகிவிட்டது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழிமுறை வகுத்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஆளனுப்பிக் காரணத்தைக் கேட்டு உதவ வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணைப்பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், யாரும் மனுப் போடாமலேயே நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர்ப் பிணைதாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையையும் தவிர்க்கலாம் என்றது.

அதே ஆண்டில் ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பணமில்லாததால் ஜாமீனில் வெளியே வர முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் அரசே கட்டும் என்று 2023-ல் விதி வகுத்தார்கள். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், பொறுப்பு நீதிபதி ஆகியோர் கொண்ட குழு முடிவு செய்யும். போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய் என்றார்கள். பிறகு என்ன நடந்தது? மாநிலங்கள் பணத்தைப் பயன்படுத்தவில்லை என்று உள்துறை அமைச்சகமே நினைவூட்டிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. புதுச் சிறைக்கு நிதி இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். ஒதுக்கிய நிதியை வாங்கிக் கட்ட ஆளில்லை என்பதை என்னவென்று சொல்வது?

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவும் உண்டு. முதல் முறையாக வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது கிடையாது. காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில் வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை என்பது முன்பிருந்தே உள்ள சட்டம்.

இவ்வளவும் ஏட்டில் இருக்க, நீதிமன்ற வாசலில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்கள். அந்த அம்மாவிடமும் ஒருவர் வந்தார். தலைக்கு மூவாயிரம் என்றார். கம்மலை அடகு வைக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்து வீட்டில் சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, "அத்தே, காசு குடுக்காண்டாம், பொறுங்க" என்று சொல்லி, ஜாமீன் உத்தரவின் நகலை வாங்கிப் படித்தாள். இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணுக்குப் பேசினாள். ஒரு பக்கத்தில் மனு எழுதினாள். பையனின் பெயர், வழக்கு எண், ஜாமீன் கிடைத்த தேதி, வீட்டுக்குப் பட்டா இல்லை, பிணை நிற்கச் சொத்துள்ள உறவினர் இல்லை, சொந்தப் பிணையில் விட வேண்டும். அவ்வளவுதான் மனு. மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். நம் தெருவில் இதை எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால், உள்ளே ஓர் இடம் காலியாகும்.

அந்த மனுவைச் சட்ட உதவி வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கொடுத்தார். நிபந்தனை மாறியது. ஜாமீன் கிடைத்த 38-வது நாள் சாயங்காலம் பையன் வெளியே வந்தான். அந்த 38 நாளில் அம்மா ஆறு முறை மனு பார்க்கப் போயிருந்தார், ஆறு நாள் கூலி போயிற்று. ஆலைக்காரர் அவர் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டதால், இப்போது ஈத்தாமொழிப் பக்கம் வேறொரு தும்பு ஆலைக்குப் போகிறார். பையன் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறான். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் இருவரும் ஒன்றாக அதே பஸ்ஸில் ஏறுகிறார்கள். போன முறை பார்த்தபோது, வீட்டுமனைப் பட்டா கேட்டு வி.ஏ.ஓ.விடம் கொடுத்த மனுவின் நகலைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார் அந்த அம்மா. "இதுக்கு எத்தன நாளாகும் மக்களே?" என்று கேட்டார்.